வரி கட்டினால்தான் பணம் வரும் என்றார்கள்

பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசுகளை, அதான் கிரிப்டோவைப் பற்றி யாராவது வாயெடுத்தால் போதும், எங்கள் குடும்பத்தில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். பெரியவர்கள் கட்சிக்கு அது மொத்தமும் ஃபிராடு, தொட்டவன் கெட்டான். தம்பிமார்கள் கட்சிக்கு, புரியாதவன்தான் ஏமாறுவான், விவரம் தெரிந்தவனுக்கு ஒன்றும் ஆகாது. நான் கொஞ்சம் பிட்காயின் வைத்திருப்பவன் என்பதால் முதல் கட்சியில் சேர முடியாது. இரண்டாவது கட்சிப் பேச்சும் எனக்கு என்னமோ உறுத்திக்கொண்டே இருந்தது, ஆனால் ஏன் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. என் மனைவியின் தாய்மாமாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த உறுத்தலுக்கு ஒரு உருவம் கிடைத்தது. பெயரைப் போடாதீங்க, மத்ததெல்லாம் எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அவரே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

கோழியை யார் தின்கிறார்கள்?

மாமா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஈரோடு பக்கம். ஈமு கோழிக் காலத்தில் பெருந்துறையைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வெறி என்று தெரியும். லட்சக்கணக்கில் பணம் கட்டினால் குஞ்சு, கொட்டகை, தீவனம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை, வருடக் கடைசியில் போனஸ் எல்லாம் கம்பெனியே கொடுக்கும். தோட்டத்தை அடமானம் வைத்தெல்லாம் போட்டார்கள். 2012இல் எல்லாம் கவிழ்ந்தது, கொட்டகையில் கோழிகள் தீவனமில்லாமல் நின்றன. அந்தக் காலத்தில் மாமா ஒரு பைசா போடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வற்புறுத்தியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் கோழிய யாருங்க திங்கறாங்க?" முட்டை எந்தக் கடையில் விற்கிறது, கறி எந்த ஓட்டலில் கிடைக்கிறது, அப்புறம் மாசச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை, அவரும் போடவில்லை. ஆக, பேராசைக்காரர், ஏமாளி என்று இந்த மனிதரை ஓரங்கட்டிவிட முடியாது. கணக்குக் கேட்கத் தெரிந்தவர்.

அதே மனிதர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ சேர்த்துவிட, முதலில் சும்மா வேடிக்கை பார்த்திருக்கிறார். தினமும் காலையில் 'புரொஃபசர்' ஒருவர் பங்குச்சந்தை பற்றி நாலு வரி எழுதுவார், அதில் பாதி சரியாகவே இருக்கும். நூற்றுச் சொச்சம் பேர் குழுவில் நன்றி சார், இன்னைக்கு எனக்கு எட்டாயிரம் லாபம் சார் என்று படத்தோடு போடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து, பங்குச்சந்தை மந்தமாக இருக்கிறது, நம் குழுவுக்கு மட்டும் ஒரு கிரிப்டோ தளத்தில் இடம் வாங்கியிருக்கிறேன் என்று ஒரு லிங்க் வந்தது. பத்தாயிரம் போட்டார். மறு வாரம் மூவாயிரம் எடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தார், அரை மணி நேரத்தில் பேங்கில் வந்து விழுந்தது. அந்த மூவாயிரம்தான் அவருடைய கோழிக் கேள்விக்குக் கிடைத்த பதில். "பணம் திரும்ப வருதுங்க மாப்ள, கண்ணால பாத்தேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னபோதுகூட அந்த ஒரு விஷயத்தில் மட்டும் குரல் தாழவில்லை.

அத்தைக்கு இன்றும் ஆறவில்லை. "கோழியாச்சும் கண்ணுல பாத்தானுங்க, இவருக்கு அதுவுமில்ல" என்பார்.

2,14,800 ரூபாய்

விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், நெட் பேங்கிங்கில் ஒரே நாளில் அனுப்பும் வரம்பை எப்படிக் கூட்டுவது என்று கேட்டு மாமா போன் செய்தார். எதற்கு என்றேன். வரி கட்ட வேண்டும் என்றார். வருமான வரியா, அதற்கு எதற்கு வரம்பு, சலான் போட்டுக் கட்டலாமே என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, நேரில் வாங்க மாப்ள என்றார். போனபோது அத்தையின் நகையை அடகு வைக்க எடுத்து மேஜையில் வைத்திருந்தார்கள், அத்தை முகத்தில் ஈயாடவில்லை.

அந்தத் திரையை நான் நிதானமாகப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார்கள். பிட்காயின் விலை என்று காட்டியது அந்த நேரத்துச் சந்தை விலையேதான், நொடிக்கு நொடி மாறியது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, அந்த விலைத் தரவு எல்லோருக்கும் கிடைப்பது, யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் மாமா 'வாங்கி' வைத்திருந்த காயினின் பெயரை வெளியே தேடினால் எங்கேயும் இல்லை. கீழே அவருடைய இருப்பு: 11,36,000 ரூபாய். அவர் போட்டது மொத்தம் 4,20,000. பேங்க் மெசேஜ்களைப் பார்த்தால் அந்த நாலு லட்சத்து இருபதாயிரமும் ஒரே இடத்துக்குப் போகவில்லை. ஒரு தடவை ஏதோ டிரேடர்ஸ், அடுத்த தடவை ஏதோ எண்டர்பிரைசஸ், இன்னொரு தடவை ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. கேட்டால், எங்கள் பேமெண்ட் பார்ட்னர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பணத்தை எடுக்க பட்டனை அழுத்தினால் ஒரு கடிதம் திறந்தது. இந்திய வருமான வரிச் சட்டப்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, உங்கள் லாபம் 7,16,000, வரி 2,14,800, இதை முன்கூட்டியே செலுத்தினால் 24 மணி நேரத்தில் முழுத் தொகையும் விடுவிக்கப்படும். கீழே அரசு முத்திரை மாதிரி ஒன்று.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இந்தக் கடிதம்தான். 30 சதவீதம் என்பது பொய் இல்லை. 2022 பட்ஜெட்டில் வந்த வரி அது, பேப்பரில் படித்தது மாமாவுக்கு நினைவிருந்தது. கால்குலேட்டரில் அவரே போட்டுப் பார்த்திருக்கிறார், ரூபாய் சுத்தமாகக் கணக்கு வந்திருக்கிறது. "சட்டத்தைப் படிச்சவன்தாங்க இத எழுதியிருக்கான், ஃபிராடா இருந்தா இவ்வளவு கரெக்டா கேப்பானா?" என்றார். விவரம் தெரியாததால் அவர் மாட்டவில்லை, தெரிந்த விவரத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வரி என்றே கேள்விப்படாத ஆளாக இருந்திருந்தால், என்னய்யா என் பணத்தை எடுக்க நான் பணம் கட்டணுமா என்று சண்டை போட்டிருப்பார். தம்பிமார்கள் கட்சி எங்கே வழுக்குகிறது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

நிஜத்தில் அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இந்தியத் தளத்தில் காயினை விற்றால், விற்ற தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டிப் பிடிக்கும் வரியாக, அந்தத் தளமே பிடித்துவிட்டு மீதியைத்தான் தரும், பிடித்தது நம் பான் எண்ணில் வரித்துறைப் பக்கத்தில் தெரியும். 2022 ஜூலையிலிருந்து இந்த நடைமுறை. அந்த 30 சதவீதத்தை, மேலே 4 சதவீத செஸ்ஸோடு, நாமே வரித்துறை தளத்தில் நம் பான் எண்ணில் கட்டி, ரிட்டர்னில் காட்ட வேண்டும். அதில் காயின் தளத்துக்கு வேலையே இல்லை. பணத்தை எடுப்பதற்கு முன்னால் தளத்தின் கையில் வரி கொடு என்று ஒரு சட்டமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் விளக்கினேன். மாமா தலையாட்டினாரே தவிர, முகத்தில் நம்பிக்கை வரவில்லை, பதினொரு லட்சத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சட்டம் சொன்னால் ஏறுமா? சரி என்று வேறு வழியில் போனேன். "மாமா, உங்க பணம் பதினோரு லட்சம் அவங்க கையிலதான இருக்குது? வரிய அதுலயே கழிச்சுக்கிட்டு மீதிய அனுப்பச் சொல்லுங்க. மூணு லட்சம்கூட எடுத்துக்கட்டும், பரவால்லன்னு சொல்லுங்க." அவரே சாட்டில் டைப் செய்தார். உடனே பதில் வந்தது, நல்ல தமிழில், மரியாதையாக: மன்னிக்கவும் சார், பணமோசடித் தடுப்பு விதிகளின்படி இருப்புத் தொகையில் கழிக்க சிஸ்டம் அனுமதிக்காது, புதிய தொகையாகத்தான் செலுத்த வேண்டும். மாமா அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் மறுபடி எழுதினார்: நாலு லட்சம் கழிச்சுக்கங்க. அதே பதில். ஆறு லட்சம் கழிச்சுக்கங்க. அதே பதில், கூடவே இன்று மாலைக்குள் செலுத்தாவிட்டால் அபராதம் என்று ஒரு வரி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அத்தையைப் பார்த்து, நகைய உள்ள வை என்றார்.

மறுமுனையில் இருப்பவர்

அந்தச் சாட்டில் பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நல்ல தமிழ் என்னைத் தொந்தரவு செய்தது. 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இதே மாதிரி கிரிப்டோ மோசடி வேலையில் உட்கார வைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்டு ஊர் வந்த செய்தி நினைவிருக்கலாம். மாட்டேன் என்றால் அடி, சில இடங்களில் மின்சார ஷாக். மியான்மரில் மட்டும் சுமார் 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி அடைக்கப்பட்டு மோசடி செய்ய வைக்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது. மாமாவிடம் சார் போட்டுப் பேசியது அப்படி ஒரு பையனாக இருக்கலாம், ஊரிலேயே ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் திருடனாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த ஆளோடு வாதாடிப் பணத்தை வாங்கிவிடலாம் என்று நினைப்பது வீண்.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. மாமாவின் திரையில் இருந்த காயின் வெறும் எண், அவர் ஒரு நாளும் எந்தக் காயினுக்கும் சொந்தக்காரராக இருந்ததில்லை. ஆனால் அவர் அனுப்பிய ரூபாய் வாடகைக்கு எடுத்த நாலு வங்கிக் கணக்கு மாறி, கடைசியில் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் காயின்) மாதிரி நிஜமான காயினாக மாறி நாட்டை விட்டுப் போயிருக்க வாய்ப்பு அதிகம். 2025 அக்டோபரில் கம்போடியாவில் இயங்கிய ஒரு பெரிய குழுமத்தின் தலைவர் மீது இதே மாதிரி மோசடிக்காக அமெரிக்கா வழக்குப் போட்டபோது, பறிமுதல் செய்யக் கேட்டது 1,27,271 பிட்காயின்கள், அன்றைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர். 'கிரிப்டோவில் போட்டு ஏமாந்தவர்' என்று நாம் சொல்லும் ஆளிடம் கிரிப்டோ இருக்காது, ஏமாற்றியவனிடம்தான் இருக்கும்.

ரூபாய் யுஎஸ்டிடியாக மாறும் அந்த இடத்தில்தான் இன்னொரு வகை ஆட்களும் மாட்டுகிறார்கள். என் நண்பன் ஒருவன், மோசடி எதிலும் சம்பந்தமில்லாதவன், சந்தை விலையை விட ரூபாய்க்கு ரூபாய் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று பி2பியில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் முறையில், முகம் தெரியாத ஒருவருக்கு யுஎஸ்டிடி விற்றான். வந்த பணம் எங்கள் மாமாவைப் போல ஏமாந்த யாரோ ஒருவர் அனுப்பியது, அவர் புகார் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துச் சம்பளக் கணக்கு முடங்கியது, வேறு மாநில சைபர் போலீஸுக்கு மெயில் போட்டு, ஆவணம் அனுப்பி, மளிகைக்கு அப்பாவிடம் கை நீட்டி, அது ஒரு தனிக் கதை. யாரோ ஒருவர் ஏன் சந்தை விலையை விட அதிகம் கொடுக்கிறார் என்று கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும்.

நிஜத் தளத்தில் போட்டால்?

அப்போ நல்ல தளமாகப் பார்த்துப் போட்டால் கவலையில்லையா என்றால், அங்கேயும் எனக்கு முழு நிம்மதி கிடையாது. 2023 மார்ச்சிலிருந்து காயின் தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, எஃப்ஐயு என்ற மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத தளத்தை நான் தொடுவதே இல்லை. ஆனால் அந்தப் பதிவுக்கு அர்த்தம், சந்தேகப் பரிவர்த்தனைகளை அரசுக்குச் சொல்வார்கள் என்பதுதான், நம் பணத்துக்கு உத்தரவாதம் என்பதில்லை. வங்கி மூழ்கினால் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது, இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்தியத் தளத்தில் திருடு போனது சுமார் 23 கோடி டாலர், ரூபாயில் ஏறத்தாழ 2,000 கோடி. வாடிக்கையாளர்களின் காயின்கள் ஒரு வருடத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்தன. திருட்டில் போனது வேறு வகைக் காயின், என் எக்ஸ்ஆர்பி காயினை ஏன் முடக்குகிறீர்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோவும் சொத்துதான், ஒருவர் உடைமையாக அனுபவிக்கவும் மற்றவர் பொறுப்பில் நம்பிக்கையாக வைத்திருக்கவும் முடிகிற சொத்து என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் நம் காயினை நாம் எடுக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் என்ன, 2014இல் மவுண்ட் காக்ஸ், 2022இல் எஃப்டிஎக்ஸ் என்று பெரிய தளங்களே கவிழ்ந்தன.

அதனால் தளத்தில் விடாமல் சொந்த வாலட்டில், அதாவது காயினின் சாவி நம்மிடமே இருக்கும் ஆப்பிலோ கருவியிலோ, வைத்துக்கொள் என்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பொறுப்பு மொத்தமும் நம் தலையில். அந்தச் சாவி என்பது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள், அவை யார் கையில் இருக்கிறதோ காயின் அவருடையது. மறந்தால் கிளை மேலாளரிடம் போய் நிற்க முடியாது. அந்தச் சொற்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கேலரிப் படங்களில் இந்தச் சொற்களைத் தேடித் திருடும் ஆப்கள் 2025இல் அதிகாரபூர்வ ஆப் ஸ்டோர்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. நான் தாளில் எழுதி, பத்திரங்களோடு வைத்திருக்கிறேன், மனைவிக்கு எங்கே என்று தெரியும், எதற்கு என்றும் தெரியும். வாலட் சரிபார்ப்பு, இலவசக் காயின், கஸ்டமர் கேர் என்று எந்தப் பெயரில் யார் அந்தச் சொற்களைக் கேட்டாலும் கேட்டவன் திருடன். இதில் விதிவிலக்கு ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை.

விலை ஏற்ற இறக்கம் பற்றி எல்லோரும் சொல்வதால் நான் நீட்டவில்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின் ஒரே வருடத்தில் 16,000க்குக் கீழே போனது, அப்புறம் 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நடுவில் அந்த ஒரு வருடம் தூங்க முடிகிற அளவுக்குத்தான் போட வேண்டும், எனக்கு அது என் சேமிப்பில் ரொம்பச் சின்னப் பங்கு. பலர் கவனிக்காதது வரியில் இருக்கும் இன்னொரு கொக்கி. ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். கைக்கு வந்தது பூஜ்யம், ஆனால் நஷ்டத்தைக் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது, 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். தினமும் வாங்கி விற்று விளையாடுபவர்கள் இந்தக் கணக்கை ஜூலை மாதத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

புதிய தளம் எதற்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது வெளியே வரும் வழியை. மாமாவும் அதைத்தான் பார்த்தார், மூவாயிரம் எடுத்தார் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். மூவாயிரத்தை விட்டு நாலு லட்சம் பிடிப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆகவே நான் ரூபாயாக எடுப்பதோடு நிறுத்துவதில்லை, காயினாகவும் என் வாலட்டுக்கு அனுப்பிப் பார்க்கிறேன். அப்படி அனுப்பினால் அது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகும், அந்தத் தளத்தை நம்பாமலே வெளியே பொதுவில் தேடிப் பார்க்கலாம். மாமாவின் தளத்தில் அப்படி ஒரு பட்டனே இல்லை, காயினே இல்லாதவன் எதை அனுப்புவான். பதிவுபெற்ற நம் ஊர்த் தளங்கள் சிலவற்றிலும் காயினாக எடுக்கக் கட்டுப்பாடு உண்டு, அவை ஃபிராடு என்று நான் சொல்லவில்லை, நான் அவற்றில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

புகார் கொடுத்த பிறகு

அன்றைக்கு மாலையே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடித்தோம், சைபர் க்ரைம் தளத்திலும் பதிவு செய்தோம். அழைப்பை எடுத்தவர் முதலில் கேட்டது கடைசியாக எப்போது பணம் அனுப்பினீர்கள் என்பதைத்தான். காரணம், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் நிறுத்தி வைக்க முடியும். மாமா கடைசியாக அனுப்பியது இரண்டு நாள் முன்னால் 80,000. அதில் 37,000 ஏதோ ஒரு கணக்கில் பிடிபட்டது, அதையும் நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் மீட்க முடியும் என்று அப்போது சொன்னார்கள், இன்னும் கைக்கு வரவில்லை. மற்றதெல்லாம் போனதுதான்.

இதற்கு நடுவில் மாமாவின் பென்ஷன் கணக்கையே ஒரு நாள் முடக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் அவருக்குத் திரும்பி வந்த அந்த மூவாயிரம் வேறு ஊரில் ஏமாந்த இன்னொருவரின் பணம், அவர் கொடுத்த புகாரில் மாமா கணக்கும் சிக்கிவிட்டது. எங்கள் புகார் ரசீதைக் காட்டி, வங்கிக்கும் அந்த ஊர் போலீஸுக்கும் எழுதி, மூவாயிரத்துக்கு மட்டும் நிறுத்தம் என்று மாற்றி வாங்குவதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார்.

புகார் கொடுத்த கொஞ்ச காலத்தில் வேறொரு கூட்டம் வந்தது. பிளாக்செயின் புலனாய்வு நிறுவனமாம், அவருடைய 4,20,000 எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம், மீட்டுத் தர 15 சதவீதக் கட்டணம், முன்பணம். இழந்த தொகை சரியாக எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன், ஏமாந்தவர்கள் பட்டியல் கைமாறும் அல்லது அதே ஆட்களே மறு வேஷத்தில் வருவார்கள். எச்சரிக்கலாம் என்று மாமாவுக்குப் போன் செய்தால், அவர் ஏற்கெனவே பதில் போட்டுவிட்டாராம். என்ன போட்டீங்க என்றேன்.

"பதினஞ்சு என்னங்க, அம்பதே எடுத்துக்கங்க, மீட்ட பணத்துல கழிச்சுக்கிட்டு மீதிய அனுப்புங்கன்னு போட்டேன் மாப்ள. அப்பறம் அக்கட்டால சத்தமே இல்ல."